சிஇடி-4 வாசிப்புப் பகுதி: சீன மாணவர்களை எப்படித் தயார் செய்வது?

யாங்சிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வூஹானில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் என் துறை இல்லை. ஆனாலும் ஆய்வகத்துக்கு வரும் இளங்கலை மாணவர்கள், சிஇடி-4 நெருங்கினால் பழைய வினாத்தாளும் கையுமாகச் சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தத் தேர்வை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. சீனக் கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வு இது. 1987இல் தொடங்கியது. ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மொத்தம் 710 மதிப்பெண். 425 எடுத்தவர்கள்தான் அடுத்த படியான சிஇடி-6க்கு விண்ணப்பிக்க முடியும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பலரும் இந்த எண்ணைக் கேட்பதால் பிள்ளைகளுக்கு அவ்வளவு பதற்றம்.

வாசிப்புப் பகுதிக்கு 35 விழுக்காடு. எங்கள் சிக்கலும் அதில்தான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, காவ்காவ் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் நன்றாகவே எடுத்தவள். செல்பேசிச் செயலியில் தினமும் சொற்களை மனப்பாடம் செய்கிறாள். பத்தியில் எந்தச் சொல்லைத் தொட்டுக் கேட்டாலும் சீனத்தில் பொருள் சொல்லிவிடுகிறாள். "சரி, இந்த வாக்கியம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறாள். விடைகளில் பாதி தவறாகப் போகிறது. மற்றவர்கள் கதையும் ஏறத்தாழ இதுதான். கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பினாங்கு ஆசிரியை எழுதியது:

தம்பி, சொல் தெரிந்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது. சீனாவில் கற்பித்த காலத்திலும், இப்போது இணையவழியில் சீன மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். சொற்பட்டியல் இதைக் குணப்படுத்தாது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் வூஹானில் வசிக்கிறார்." இதைச் சீனத்தில் "ஜியாவ் வோ இங்யூ த லாவ்ஷி ஜூ ட்ஸாய் வூஹான்" என்பார்கள். கவனியுங்கள்: கற்பித்த செய்தி முன்னால் வருகிறது, ஆசிரியர் பின்னால் வருகிறார். தமிழின் பெயரெச்சம் போலவே! இடையில் நிற்கும் அந்தச் சின்ன "த" நம் "கற்பித்த" என்பதன் ஈற்று அகரம் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ, "த டீச்சர் ஹூ டாட் மீ இங்லிஷ் லிவ்ஸ் இன் வூஹான்." ஆசிரியரைச் சொல்லி முடித்த பிறகு அவரைப் பற்றிய விளக்கம் வந்து, அதற்கும் அப்பால்தான் முதன்மை வினை வருகிறது. இந்த வாக்கியம் சிறியது என்பதால் தப்பிக்கலாம். தேர்வில் வரும் வாக்கியத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு சொல் கிடக்கும். சீன மாணவர் அந்த இடைவெளியில் எழுவாயைத் தவறவிட்டுவிடுகிறார்.

இன்னொன்று, சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப உருமாறாது. அதனால் ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை அவர்கள் கண் தாண்டிப் போகிறது. "த புக்ஸ் பாட் ஃபார் த லைப்ரரி ஆர் மிஸ்ஸிங்" என்று கொடுத்துப் பாருங்கள். புத்தகங்கள் எதையோ வாங்கின என்று தொடங்கி, "ஆர்" வந்ததும் திகைத்து நிற்பார்கள். "பாட்" இங்கே முதன்மை வினை இல்லை, "வாங்கப்பட்ட" என்னும் எச்சம். தமிழ் பேசும் நீங்கள் இதை அவர்களுக்கு மிக எளிதாகப் புரியவைக்கலாம், ஏனென்றால் எச்சமும் முற்றும் வேறு வேறு என்பது நமக்குப் பள்ளியிலேயே பதிந்த பாடம்.

நான் செய்விப்பது ஒரே பயிற்சி. பழைய வினாத்தாளிலிருந்து நீளமான வாக்கியங்களை மட்டும் எடுங்கள். பென்சிலால் முதலில் காலம் காட்டும் முற்று வினைகளுக்கு அடிக்கோடு. பிறகு ஒவ்வொரு வினைக்கும் "யார், எது" என்று கேட்டு எழுவாயை வட்டமிட வேண்டும். மற்றதெல்லாம் அடைப்புக்குறிக்குள் போகட்டும். வட்டமும் அடிக்கோடும் மட்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று சீனத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தினம் ஐந்து வாக்கியம் போதும். விடை தேடுகிற வேலையே இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. வாசிப்பில் 30 கேள்விகள். எல்லாம் சமம் இல்லை. பெட்டியிலிருந்து சொல் எடுத்து நிரப்பும் 10 இடங்களுக்குத் தலா 3.55. கட்டுரையின் எந்தப் பத்திக்கு உரியது என்று பொருத்த வேண்டிய 10 கூற்றுகளுக்குத் தலா 7.1. கடைசியில் வரும் இரண்டு ஆழ்ந்த வாசிப்புப் பத்திகளின் 10 கேள்விகளுக்குத் தலா 14.2. அதாவது கடைசிப் பகுதியில் ஒரே கேள்வி, முதல் பகுதியில் நான்கு கேள்விகளுக்குச் சமம். வினாத்தாளில் அச்சான வரிசையிலேயே போகிற பிள்ளை, மிகக் குறைந்த மதிப்பெண்ணுள்ள பகுதியில் பொழுதைக் கரைத்துவிட்டு, மிகுந்த மதிப்பெண்ணுள்ள இடத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்கிறது. வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஆழ்ந்த வாசிப்பு முதலில், பொருத்துதல் அடுத்து, சொல் நிரப்புதல் இறுதியில்.


சொல்வேட்டை எழுதியது:

அக்கா சொல்வதில் இலக்கணப் பகுதி அருமை. ஆனால் சொற்பட்டியலை இப்படி ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை.

நான் சீன மொழியைப் பெரியவனான பிறகு கற்றவன். அயல்மொழி வாசிப்பில் சொல் இல்லாதவனுக்கு எந்த உத்தியும் கைகொடுக்காது என்பதை அன்றாடம் அனுபவிக்கிறேன். காவ்காவ் தேர்வுக்குச் சுமார் 3,500 சொல் என்றும், சிஇடி-4க்குச் சுமார் 4,500 சொல் என்றும் சொல்வார்கள். நடுவே ஆயிரம் சொல் இருக்கிறது. அதோடு கல்லூரிக்கு வந்த பிறகு பழைய 3,500இல் எவ்வளவு மறந்துபோயிருக்கும்? நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு ஆங்கிலப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள்தான் பெரும்பாலோர். பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஆங்கிலம் வாரத்தில் சில மணி நேரம் மட்டும்.

முற்று வினைக்கு அடிக்கோடு போடலாம். அந்த வினைக்கே பொருள் தெரியாவிட்டால் அடிக்கோட்டால் என்ன பயன்? யாங்சிக்கரை குறிப்பிடும் மாணவி சொல் தெரிந்தவள். மற்ற பிள்ளைகளும் அப்படியா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பத்தியைக் கொடுத்துத் தெரியாத சொற்களை எண்ணச் சொல்லுங்கள். வரிக்கு இரண்டு மூன்று என்று வந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்தான் முதல் வைத்தியம்.


பினாங்கு ஆசிரியை எழுதியது:

சொல்வேட்டை, சோதித்துப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. அதை நான் வழிமொழிகிறேன். சொல்லே இல்லாத பிள்ளைக்கு என் பயிற்சி பயன்படாது.

ஆனால் சொல்லை எங்கிருந்து எடுப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அகரவரிசைச் சொற்புத்தகத்தைத் திறந்தால் முதலில் நிற்பது "அபேண்டன்". சீனாவில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் அந்தச் சொல் தெரியும். ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் முதல் சில பக்கங்களோடு நின்றுவிடுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. செயலி அந்தச் சோம்பலைப் போக்கியது உண்மை. ஆனால் செயலி காட்டுவது ஒரு சொல், அதற்கு நேராக ஒரு பொருள். தேர்வோ அடிப்படைச் சொற்களைப் பழக்கமில்லாத பொருளில் கொண்டுவந்து நிறுத்துகிறது. "அட்ரஸ்" என்றால் முகவரி என்று மட்டும் படித்தவர், ஒரு சிக்கலை "அட்ரஸ்" செய்வது, அதாவது அதைத் தீர்க்க முற்படுவது, என்று வந்தால் முகவரியைத் தேடுகிறார். பழைய வினாத்தாளின் பத்தியிலிருந்தே சொல்லை எடுத்து, வாக்கியத்தோடு சேர்த்து எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் வராது. பட்டியல் சிறியதாக இருக்கும், ஆனால் தேர்வில் வருவது அதில் இருக்கும். கல்வி, உடல்நலம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், அலுவலக வாழ்க்கை, இவைதான் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். அதனால் சொற்களும் திரும்ப வருகின்றன.

இனி, விடை தேர்ந்தெடுக்கும் இடம். ஒரு சின்ன மாதிரியைத் தமிழிலேயே தருகிறேன். பத்தி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "கிளை நூலகங்களுக்கு வாசகர் வரத்து குறைந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வருகைப் பதிவேடு அப்படிக் காட்டவில்லை. நகர மன்றம் ஒதுக்கும் தொகை சுருங்கியதால்தான் மாலை நேரச் சேவை நின்றது." கேள்வி: மாலைச் சேவை ஏன் நின்றது?

வாசகர் வரத்து குறைந்தது என்று ஒரு விடை இருக்கும். பத்தியின் சொற்களை அப்படியே எடுத்துவைத்த விடை அது, மாணவர்கள் அதில்தான் விழுவார்கள். வருகைப் பதிவேடு சரியாக இல்லை என்று இன்னொன்று. அதிலும் பத்தியின் சொல் இருக்கிறது, செய்தி இல்லை. இணையம் வந்துவிட்டது என்று மூன்றாவது. உலக அனுபவத்துக்குப் பொருந்தும், பத்தியில் கிடையாது. நான்காவது, "போதிய நிதி இல்லை." பத்தியில் நிதி என்ற சொல்லே இல்லாததால் இதைத் தள்ளிவிடுவார்கள். சரியான விடை இதுதான்.

சரியான விடை பெரும்பாலும் பத்தியின் கருத்தை வேறு சொற்களில் சொல்லும். தவறான விடைகள் பத்தியின் சொற்களைக் கடன் வாங்கி வேறு கருத்தைச் சொல்லும். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "பலரும் எண்ணுகிறார்கள்" என்பது போன்ற தொடருக்கு அடுத்து மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கவும் பழக்குங்கள். மறுப்புக்குப் பின்னால் வருவதுதான் கட்டுரையாளரின் கருத்து, கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்தே எழும்.


செங்டு மருமகன் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு என் மனைவியிடம் பேசினேன். அவர் செங்டுவில் வளர்ந்தவர், பழைய முறையில் இந்தத் தேர்வை எழுதியவர். அப்போது 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி, கையில் சான்றிதழ் உண்டு. பல கல்லூரிகள் அந்தச் சான்றிதழைப் பட்டத்தோடு கட்டிப்போட்டிருந்தன. மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிய நண்பர்கள் இது ஒன்றுக்காகத் தவித்ததை அவர் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார். 2005இல் 710 முறை வந்தபோது தேர்ச்சிச் சான்றிதழ் போய் மதிப்பெண் அறிக்கை வந்தது. 220க்குக் கீழே போனால் அந்த அறிக்கையும் கிடையாது.

ஆசிரியை அவர்கள் சொன்ன 14.2 கணக்கைப் பற்றி ஒரு சிறு விளக்கம். அது பயிற்சி வகுப்புகளில் வழங்கும் கணக்கு. விழுக்காட்டை 710ஆல் பெருக்கி, கேள்வி எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. மதிப்பெண் அறிக்கையில் வரும் எண் அப்படி நேரே கூட்டிப்போட்டது இல்லை. ஒரு ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை 500 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்னும் அளவை) 70 என்றும் வைத்து மாற்றியமைத்த எண் அது. அதனால் "இத்தனை கேள்வி சரியாக்கினால் 425 உறுதி" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு கனம் என்பதை அறிய அந்தக் கணக்கு போதும், அந்த அளவில் அது சரியானதே.

இன்னொரு செய்தி. "மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு" என்று சீன மாணவர்களிடையே ஒரு சொலவடை உண்டு. பள்ளியிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும். யாங்சிக்கரை, உங்கள் பிள்ளைகளும் இதைச் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். நேரம் தீர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிற கணத்துக்கு வேண்டுமானால் அது இருக்கட்டும். அதை நம்பித் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை என்கிறார் என் மனைவி.


யாங்சிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொல்வேட்டை சொன்னபடி முதலில் சோதித்தேன். ஒரு பையனுக்கு வரிக்கு வரி தெரியாத சொல் வந்தது. அவனை மட்டும் வினாத்தாள் சொற்களில் இறக்கிவிட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு அடிக்கோடு, வட்டம். அந்த மாணவிக்கு ஆசிரியை சொன்ன புத்தக வாக்கியத்தைக் கொடுத்தேன். சொன்னது போலவே "ஆர்" வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு அவளே பென்சிலை எடுத்து "பாட்" முதல் "லைப்ரரி" வரை அடைப்புக்குறி போட்டு, அந்தத் துண்டைத் தூக்கிப் புத்தகங்களுக்கு முன்னால் வைத்துச் சீனத்தில் சொன்னாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

குட்டை, நீளம் சொலவடையைக் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

இப்போது அவர்கள் கேட்பது பத்தி பொருத்தும் பகுதியைப் பற்றி. ஆயிரம் சொல் அளவுக்கு நீண்ட கட்டுரை. அதைப் படித்து முடிக்கவே நேரம் போய்விடுகிறது, கூற்றுக்காகத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது என்கிறார்கள்.


பினாங்கு ஆசிரியை எழுதியது:

அந்தப் பகுதியில் கட்டுரையை ரசித்துப் படிக்க நேரம் இல்லை, தேவையும் இல்லை. அதில் கூற்றுகள் கட்டுரையின் வரிசையில் வராது. அதனால் ஒரு கூற்றை வைத்துக்கொண்டு கட்டுரை முழுக்கத் தேடினால் பத்து முறை படிக்க வேண்டிவரும். மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் பத்துக் கூற்றுகளையும் படித்து, ஒவ்வொன்றிலும் மாற்றிச் சொல்ல முடியாத ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆண்டு, எண், ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஒரு துறைக்கே உரிய சொல். பிறகு கட்டுரையில் ஒரு பத்தியைப் படித்து, பத்துக் கூற்றுகளில் எது இதற்கு உரியது என்று பார்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போக வேண்டும். ஒரு பத்திக்கு இரண்டு கூற்று அமையலாம், எந்தக் கூற்றும் அமையாத பத்தியும் இருக்கலாம். ஒரு பத்தியை ஒருமுறைக்கு மேல் எடுக்கலாம் என்று வினாத்தாளிலேயே சொல்லப்பட்டிருக்கும். ஆனாலும் ஒருமுறை எடுத்த பத்தியை மறுபடி எடுக்கத் தயங்குகிற பிள்ளைகள் நிறைய. இரண்டு மூன்று கூற்று கடைசிவரை அகப்படாமல் நிற்கும். அவற்றில் எண்ணும் பெயரும் இருக்காது, கருத்து மட்டும் இருக்கும். அப்போது மட்டும் பத்தியின் முதல் வாக்கியங்களை ஒரு சுற்று பார்த்தால் போதும்.

சொல் நிரப்பும் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 15 சொற்களில் 10 பயன்படும், ஒரு சொல் ஒரே முறைதான். பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்கு குவியலாகப் பிரித்துக்கொண்டு, கோடிட்ட இடத்துக்கு எந்தக் குவியல் என்பதை முதலில் முடிவு செய்யட்டும். வினை என்றால் வாலைப் பார்க்கட்டும். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது.

நேரத்தைப் பற்றி ஒன்று. கேட்டல் பகுதி முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். அதன் பின் வாசிப்புக்கு 40 நிமிடம், மொழிபெயர்ப்புக்கு 30 நிமிடம் என்று திட்டம். ஆனால் இரண்டும் ஒரே விடைத்தாளில், இடையில் யாரும் மணியடிக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பில் கை வேகமாக ஓடும் பிள்ளை அங்கிருந்து ஐந்து நிமிடத்தை வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புக்கும் 15 விழுக்காடு இருக்கிறது, அதை மறந்து முழுவதையும் இங்கே கொட்டிவிடக் கூடாது. விடை வட்டங்களைக் கறுப்பாக்குவதற்குத் தனி நேரம் கிடையாது. ஒவ்வொரு பத்தி முடிந்த உடனே கறுப்பாக்கிவிட வேண்டும்.


சொல்வேட்டை எழுதியது:

அக்கா, ஒரு கேள்வி. சீன மாணவர்கள் "ஷுவா-தி" என்று வினாத்தாள் மேல் வினாத்தாளாகத் தீர்த்துத் தள்ளுகிறார்கள். அது நல்லதா? சந்தையில் மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?


பினாங்கு ஆசிரியை எழுதியது:

உண்மையான பழைய வினாத்தாள் இருக்கும்போது தனியார் மாதிரித் தாள் வேண்டாம். அசல் தேர்வின் தவறான விடைகளைக்கூட அவ்வளவு கவனத்தோடு செதுக்கியிருப்பார்கள். மாதிரித் தாள்களில் அந்த நுணுக்கத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட வினாத்தாள் வழங்குவதால், கடந்த சில ஆண்டுகளின் தாள்களே தேவைக்கு மேல் இருக்கும். 2013 டிசம்பருக்கு முந்தையவற்றில் அமைப்பு வேறு, அவை வேண்டாம்.

தீர்த்துத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு தாளைத் தீர்த்து, விடைக்குறிப்பைப் பார்த்து, சரியையும் தவறையும் எண்ணிவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் எழுத வேண்டும்: பத்தியில் விடை எந்த வாக்கியத்தில் இருந்தது, நான் எடுத்த விடை என்ன வகையில் தவறு, என்னை இழுத்தது எந்தச் சொல். ஆழ்ந்த வாசிப்பின் ஒரு பத்திக்கு இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் செலவிட விரும்புவதில்லை, எனக்குப் பெரும் வருத்தம் அது. அண்மைக்காலத் தாள் இரண்டை மட்டும் தொடாமல் வைத்திருங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில், காலை வேளையில், உண்மையான நேரக் கட்டுப்பாட்டோடு எழுதட்டும்.

யாங்சிக்கரைத் தம்பி, அந்த மாணவி தவறவிட்ட கேள்விகளை, அவள் எடுத்த விடையோடு சேர்த்து, பெயர் இல்லாமல் இங்கே போடுங்கள். வாக்கிய அமைப்பில் வழுக்குகிறாளா, கடன் வாங்கிய சொற்களில் விழுகிறாளா என்று பார்த்துச் சொல்கிறேன்.